சாட்சி சொன்ன வலி

1974 ஜூலை 16, செவ்வாய்

போன வாரம் எடுத்த எக்ஸ்ரேவைக் காட்ட திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதிலே ஒண்ணுமே தெரியலையாம். "இப்ப வலி எப்படிம்மா இருக்கு?"ன்னு டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ளே வீட்டுக்காரர் முந்திக்கினார். "போயிடுச்சு சார். ஞாயித்துக்கிழமை சபையிலே, ஜெபத்தாலே சுகமாச்சுன்னு சாட்சியே சொல்லிட்டா." டாக்டர் மருந்து ஒண்ணும் எழுதாமே சீட்டை மடிச்சுக் கொடுத்துட்டார்.

போதகர் எனக்காக மூணு நாள் உபவாசம் இருந்தார். எல்லார் முன்னாடியும் "சுகமாச்சாம்மா?"ன்னு கேட்டா, இல்லைன்னு எப்படிச் சொல்றது? வயித்தைப் புடிச்சிக்கினே எழுந்து நின்னு, ஆச்சுன்னேன்.

சித்தூர் வர்ற வரைக்கும் பஸ்ஸிலே முந்தானையைக் கடிச்சிக்கினு வந்தேன். இவர் பக்கத்திலே ஸ்தோத்திரம் சொல்லிக்கினு வந்தார்.

ஆண்டவரே, உம்ம பேரைச் சொல்லிப் பொய் சொன்னதுக்குத் தண்டனைன்னா வாங்கிக்கிறேன். ஆனா வலி அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே வந்துடுச்சே. அது எதுக்கு?