உன் அப்பாவையும் கூப்பிடலாமா என்று கேட்டாய்

கர்த்தருடைய கிருபையாலும் சொந்த சாமர்த்தியத்தாலும் இன்னும் உயிரோடிருக்கிற உன் தாய்மாமன், ஏழு கடலுக்கு அப்பாலும் புகழ் மணக்கும் சவ வண்டிச் சக்கரவர்த்தி, தன் ஒரே அக்காள் பெற்ற அருமை மருமகளுக்கு எழுதுவது.

இங்கே அனைவரும் நலம், என் வண்டியில் ஏறியவர்களைத் தவிர. அவர்களும் குறை ஒன்றும் சொல்லவில்லை.

நீ உண்டாகியிருக்கும் செய்தி கேட்டு உன் அம்மா அழுத அழுகையில் கீழ்வீட்டுக்காரர் சாமான்களைப் பரணில் ஏற்றிக்கொண்டார். இப்போது இராப்பகலாகக் காலுறை பின்னுகிறாள். குவிந்து கிடப்பதைப் பார்த்தால் நீ பெறப்போவது பிள்ளையா பூரானா என்று எனக்கே சந்தேகம்.

பிரசவத்துக்கு அம்மாவோடு அப்பாவையும் அங்கே கூப்பிடலாமா, அவர் நிஜமாகவே மாறிவிட்டாரா, மாமா பொய் கலக்காமல் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தாய். என்னிடம் உண்மை கேட்பது மீனை மரமேறச் சொல்வது மாதிரி. இருந்தாலும் ஏறுகிறேன்.

சபையைக் கேட்டால், ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து உன் அப்பா புது மனிதர். முகமே பிரகாசிக்கிறது என்கிறார் போதகரின் மனைவி. நாள் முழுக்க அவர் கண்ணாடிக் கடையில் வெயிலுக்கு எதிரே உட்கார்ந்தால் எருமைக்கும் முகம் பிரகாசிக்கும்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். உன் அம்மா மேல் அவர் கை வைப்பதில்லை. அது நிஜம். முன்பு உப்புக் கூடினால் தட்டு பறக்கும், இப்போது வார்த்தை மட்டும் பறக்கிறது. முன்பு கத்திவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். இப்போது கத்திவிட்டு, கடையின் பின்னறையில் கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே முழங்கால் போட்டு அழுகிறார். மறுநாள் மறுபடி கத்துகிறார். அத்தான், உங்களைச் செய்கிற வேகத்தில் ஆண்டவர் உலகத்தைச் செய்திருந்தால் நாம் இன்னும் இரண்டாம் நாள் சாயங்காலத்தில்தான் நிற்போம், சூரியன்கூட வந்திருக்காது என்றேன். அளவுகோலை எடுத்து எறிந்தார். நெற்றியில் பட்டது. பிறகு அவரே எழுந்து வந்து, வலிக்குதாடா என்று கேட்டார். செத்துட்டேன் என்றேன். அப்போ உன் வண்டியை நீயே ஓட்டிக்கிட்டுப் போ என்றார். அவர் கணக்கில் அது பெரிய முன்னேற்றம்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாருக்கும் பழரசம் கொடுத்துக்கொண்டிருந்தார். தபேலா வாசிப்பவரின் சின்ன மகள் ஓடிவந்து இடித்து, அவர் வெள்ளைச் சட்டை முழுக்கக் கொட்டிவிட்டாள். கை ஓங்கியது. ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. மெதுவாக இறக்கிச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டார். உடனே ஒரே ஸ்தோத்திரம், கைதட்டல். போதகர் ஒலிவாங்கியைப் பிடித்து, பார்த்தீர்களா தேவனுடைய கிரியையை என்றார்.

அந்தப் பிள்ளையை யாரும் பார்க்கவில்லை. அவள் தோளுக்குள் தலையை இழுத்துக்கொண்டு, இடது காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றாள். நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில், கடையில் ஒரு கண்ணாடியை உடைத்ததற்கு அவர் உன்னை அறைந்து ஒரு காதைச் செவிடாக்கினாரே, அதே பக்கத்துக் காது. உன் அப்பா அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன்.

வீட்டுக்கு என் வண்டியில்தான் வந்தார். பாதி வழி வந்ததும் சொன்னார்: "கை நின்னுச்சுன்னு தட்டுறானுங்க. தூக்குச்சே, அதை ஒருத்தனும் பாக்கல. பொறந்த பச்சப்புள்ள ராத்திரி பூரா அழும்டா. எம் பொண்ணுக்கு எழுது. என்னைக் கூப்பிட வேணாம்னு எழுது."

சும்மா இருக்க என் வாய்க்குத் தெரியாதே. ஆண்டவர் மேல் நம்பிக்கை அவ்வளவுதானா அத்தான் என்று குத்தினேன். "அவர் மேல இருக்கு. ஆரம்பிச்சவரு முடிப்பாரு. முடிக்கிறதுக்குள்ள என் கையில புள்ளையைக் குடுக்கச் சொல்லி அவர் யார்கிட்டயும் சொல்லல" என்றார்.

சரி, மன்னிப்பும் கேட்டதாக எழுதட்டுமா என்றேன். "அது இன்னும் வரல. வராததை வந்ததா எழுதாதே" என்றார். அப்புறம் வீடு வரும்வரை நான் கியர் மாற்றும் லட்சணத்தைத் திட்டிக்கொண்டே வந்தார்.

உன் அம்மாவிடம், அந்த ஊர்க் குளிர் தனக்கு ஒத்துக்கொள்ளாது, நீ மட்டும் போ என்று சொல்லிவிட்டார். சொந்தப் பேரப்பிள்ளையைப் பார்க்க மனசில்லாத பாறாங்கல், இதுக்கு ஜெபம் ஒரு கேடா என்று அவள் தெருவுக்கே கேட்கும்படி ஏசினாள். அவர் போய்க் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், ஒரு பலகைகூட உடையவில்லை.

ஆகையால் மருமகளே, அவரைக் கூப்பிடாதே. மாறிவிட்டாரா என்று கேட்டாயே, கூப்பிடாதே என்று அவரே சொன்னதுதான் இதுவரை நான் கண்ணால் கண்ட ஒரே அற்புதம். அதற்குச் சபையில் யாரும் கைதட்ட மாட்டார்கள். நீ மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காது உன்னுடையது.

ஆண்டவர் உனக்குச் சுகப்பிரசவம் தரட்டும். அவர் தம் வேலையை முடிக்கும்வரை உன் அப்பாவுக்கு ஆயுசும், உனக்குப் பொறுமையும் தரட்டும். பொறுமை வராவிட்டாலும் பாதகமில்லை, ஆயுசு போதும்.

பிள்ளை பிறந்ததும் ஒரு படம் எடுத்துக் கடை முகவரிக்கு அனுப்பு. அவர் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் மாமா