தொப்பி நுனியில் இரண்டு தொடல்

அடேய் நொட்டாங்கை,

சொல்லாமல் தைபே போனவனுக்கு எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன்.

நேற்று பேஸ்பால் ஆட்டத்தில் நீ பந்து வீசியதை என் நூடுல்ஸ் கடை டிவியில் பார்த்தேன். ஆறாவது இன்னிங்ஸில் தொப்பி நுனியை இரண்டு முறை தொட்டாய். முழங்கை வலிக்கிறது என்று அர்த்தம். பள்ளி அணியிலேயே அது நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். நீ தொட்டதும், எதிரே உட்கார்ந்து உன் பந்தைப் பிடிக்கும் கேட்சரான நான் முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு மெதுவாக உன்னிடம் நடந்து வருவேன், உன் கைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும் என்று.

உன் புது கேட்சர் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"கரண்டியோட எங்கடா கிளம்பிட்ட? என் நூடுல்ஸ் எங்க?" என்று பனாய் அக்கா கத்தினாள். பார்த்தால், கடை வாசல்வரை வந்திருக்கிறேன்.

டாக்டரிடம் கையைக் காட்டு. தொப்பி விஷயத்தை அந்தக் கேட்சரிடம் சொல்லிவிடு. எனக்குச் சம்மதம்.

உன் பழைய கேட்சர்