‘அ’வுக்கு ஓர் அம்மா

7.10.1996, திங்கள்

இன்று சோலையப்பன் முதலாளியோடு சண்டை போடாத குறைதான்.

பதினாறு வருடமாக இந்தப் பிரிக்ஃபீல்ட்ஸ் பதிப்பகத்தின் தமிழ்ப் பயிற்சி நூல்களுக்கு நான்தான் படம் வரைகிறேன். காலையில் மேசைக்குக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினார். ஒரு சிடி வாங்கி வந்திருக்கிறார். அதில் பத்தாயிரம் படம் தயாராக இருக்கிறதாம். முதலாம் ஆண்டுப் புத்தகத்துக்கு அதிலிருந்தே எடுத்து வைத்திருந்தார். ‘அ’ – அம்மா. மஞ்சள் முடி, இடுப்பில் ஏப்ரன், கையில் தட்டோடு ஒரு முழு வான்கோழி. ‘ஊ’ – ஊஞ்சல். அதைச் சுற்றி ஒரே பனி.

“முதலாளி, இது யாரோட அம்மா?”

“கோவப்படாத மேரி. அச்சகத்துல இனிமே எல்லாம் டிஸ்கெட்லதான் கேக்குறான். நீ காகிதத்துல போட்டத ஸ்கேன் பண்ணினா கோடெல்லாம் அழுக்கா வருது. அதத் தொடைக்க எனக்கு ஆள் இல்ல.”

“நானே கம்ப்யூட்டர்ல வரைஞ்சு கொடுத்தா?”

சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லைதான், இருந்தாலும் சுருக்கென்றது. பிறகு சொன்னார்: “தீபாவளிக்கு முன்னால, நவம்பர் ஆறாம் தேதிக்குள்ள, பன்னெண்டு உயிரெழுத்துக்கும் பன்னெண்டு படம் டிஸ்கெட்ல வரட்டும். வந்தா உன் படம். வரலன்னா சிடி.”

சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்கென்ன புதிதா?

8.10, செவ்வாய்

வீட்டுக் கம்ப்யூட்டரில் மவுஸை வைத்து அம்மா வரைந்தேன். உருளைக்கிழங்கு வந்தது. என் வீட்டுக்காரர் இக்னேஷியஸ் எட்டிப் பார்த்துவிட்டு, “பாவம், கிழங்குக்குப் பொட்டு வேற வெச்சிட்டியா” என்றார்.

9.10, புதன்

கொழுந்தன் கிளாரன்ஸ் போன் செய்தான். போட்டோகாப்பி மெஷின் விற்பவன், உலகத்தில் எதைக் கேட்டாலும் ஓர் அபிப்பிராயம் வைத்திருப்பான். இந்தப் பழைய கம்ப்யூட்டரை எங்கள் தலையில் கட்டியவனும் அவன்தான்.

“மவுஸ்ல யாராச்சும் வரைவாங்களா அண்ணி? அதுக்குன்னே டேப்லெட் இருக்குலா. பலகை மாதிரி. கூடவே ஒரு பேனா வரும். பலகைல வரைஞ்சா ஸ்கிரீன்ல தெரியும். சனிக்கிழமை இம்பி பிளாசா போவோம்.”

பேனா என்று சொன்னதும் மனசு லேசாகிவிட்டது.

12.10, சனி

இம்பி பிளாசா. மாடி மாடியாகக் கம்ப்யூட்டர் கடைகள். நாங்கள் போன கடையில் டேப்லெட் இரண்டே அளவில் இருந்தது. ஒன்று பாடநூலில் பாதி. இன்னொன்று தேநீர்த் தட்டு மாதிரி அகலம், விலை மூன்று மடங்கு.

கடைக்காரர் ஒரு சீனர், ஐம்பது வயதிருக்கும். என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். “ஆன்டி, ஃபர்ஸ்ட் டைம்? அம்பில் யாங் கெச்சில்லா. ஸ்மால் இனாஃப்.”

சின்னதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார், பாதி மலாயில். ஏன்? பருத்திச் சேலையையும் ரப்பர் செருப்பையும் பார்த்து முடிவு கட்டிவிட்டாரா? பதினாறு வருடம் படம் வரைந்தவள் என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா வர முடியும்? கிளாரன்ஸ் வேறு, “பெருசுன்னா பெருசுதான் அண்ணி, கை தாராளமா போகும்” என்றான்.

பெரியதைத்தான் வாங்கினேன். சமையலறை அலமாரிக்குச் சேர்த்த பணம். கடைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு, ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகச் சொன்னார். எதற்கு மாற்றணும்? கொமுட்டர் ரயிலில் வீட்டுக்கு, கிள்ளான் வரைக்கும் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன்.

13.10, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் உட்கார்ந்தேன். கோடு வருகிறது! அழுத்தினால் தடிக்கிறது, லேசாகப் பிடித்தால் மெலிகிறது. இந்த நாற்பது வயதில் கைதட்டிச் சிரித்தேன்.

ஒரே தொல்லை: கையைப் பார்த்தால் படம் தெரியவில்லை, படத்தைப் பார்த்தால் கை எங்கேயோ போகிறது. பழகிவிடும்.

15.10, செவ்வாய்

பழகவில்லை. முகம் கோணலாக வருகிறது. நேராகப் போட்ட கோடு மலையேறுகிறது. ‘ஏணி’ விழப்போகிற மாதிரி நிற்கிறது.

17.10, வியாழன்

இன்னிக்கும் அதே கதைதான். அம்மாவோட கண்ணு ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு கீழ. பத்து தடவை போட்டேன், பத்து தடவையும் அழிச்சேன். கை கெட்டுப்போச்சா? இல்ல சாமான் கெட்ட சாமானா? காகிதத்துல போட்டா அஞ்சு நிமிஷம். அந்த வான்கோழிக்காரிகிட்ட தோத்துப்போயிடுவேனா?

அழுதேன். இக்னேஷியஸ் கேலி பண்ணவில்லை. தேநீர் போட்டு வைத்துவிட்டுப் போனார். அதுதான் பயமாக இருந்தது.

19.10, சனி

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

கடைக்காரர் சொன்ன ஒரு வாரம் முடிகிற நாள். தனியாகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இம்பி பிளாசா போனேன், நன்றாகச் சண்டை போடும் உத்தேசத்தோடு. “பாஸ், ரோசாக்லா!” என்றேன், கெட்டுப்போன சாமான் என்று. அவர் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, குறுக்கே ஒரு கோடு போட்டார். நேராக வந்தது. நெடுக்கே ஒன்று. அதுவும் நேர்.

“யூ டிரா,” என்றார்.

வரைந்தேன். நெற்றி, கன்னம்... மோவாய் வளைவுக்கு வந்ததும் அவர் சட்டென்று என் இடது கையைக் காட்டினார். பார்த்தேன். பலகையைத் திருப்பிக்கொண்டிருந்தது.

அட ஆண்டவரே.

காகிதத்தில் வரையும்போது நான் எப்போதும் தாளைத் திருப்புவேன். வளைவுக்கு ஒரு திருப்பு, கழுத்துக்கு ஒரு திருப்பு. வலது கை வரையும், இடது கை திருப்பும், எனக்கே தெரியாது. ஆனால் பலகையைத் திருப்பினால் திரையில் படம் திரும்புவதில்லை, கோடுதான் கோணுகிறது. போதாக்குறைக்கு என் மேசை சின்னது. கீபோர்டுக்குப் பக்கத்தில் அந்தத் தட்டு இடம் கொள்ளாமல் நாள் முழுக்கச் சாய்ந்தேதான் கிடந்தது.

“ஜாங்கான் பூசிங்லா, ஆன்டி,” என்றார். திருப்பாதே. பிறகு, “யுவர் டேபிள், பெசார்?” மேசை பெரிசா என்று கேட்கிறார். இல்லை என்று தலையாட்டினேன். அன்றைக்கும் இதைத்தான் கேட்க நினைத்தாராம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததால் கேட்கவில்லையாம். செருப்பையெல்லாம் அவர் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. நான்தான் பார்த்திருக்கிறேன்.

சின்னதாக மாற்றித் தந்தார். மீதிப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தார். “சாரி, பாஸ்” என்றேன். அதைச் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

20.10, ஞாயிறு

சின்னப் பலகையைக் கீபோர்டுக்கு முன்னால் நேராக வைத்து நாலு மூலையிலும் டேப் ஒட்டிவிட்டேன். இடது கைக்கு வேலை இல்லை. அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். இக்னேஷியஸ் வாசலில் நின்று, “கை குளிருதா?” என்கிறார்.

23.10, புதன்

இலை வந்தது. எலியும் வந்தது. இந்தச் சின்ன அளவில் தோளை அசைக்கவே வேண்டாம், மணிக்கட்டே போதும். கடைக்காரர் சொன்னது சரிதான்.

27.10, ஞாயிறு

ஏணி நிற்கிறது! ஏறலாம் போல நிற்கிறது.

30.10, புதன்

பதினொரு படம் முடிந்தது. அம்மா மட்டும் பாக்கி.

சேலையில் வரைந்தேன், குடத்தோடு வரைந்தேன். அழித்தேன். கோணல் இல்லை, ஆனால் யாரென்றே தெரியவில்லை. பதினாறு வருடமாக ஒரே அம்மாவைத்தான் வரைந்துகொண்டிருந்திருக்கிறேன். வான்கோழிக்காரி யாருடைய அம்மா என்று முதலாளியைக் கேட்டேனே, இவள் மட்டும் யாருடைய அம்மா?

31.10, வியாழன்

காலையில் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது ஃபேக்டரி பஸ்ஸுக்காக ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நீல மேல்சட்டை, கழுத்தில் பெயர் அட்டை. ஒருத்தி மட்டும் பள்ளிக்கூட உடுப்பில் இருந்த தன் பிள்ளைக்கு ரோட்டோரத்திலேயே சடை பின்னிக்கொண்டிருந்தாள். ரிப்பன் அவள் பல்லில். பஸ் வந்து நின்றது. டிரைவர் ஹார்ன் அடித்தார். அவள் திரும்பக்கூட இல்லை, பின்னி முடித்துவிட்டுத்தான் ஏறினாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் வரைந்தேன். கையை நினைக்கவே இல்லை.

6.11, புதன்

இரண்டு டிஸ்கெட். முதலாளி ஒவ்வொன்றாகத் திறந்தார். எலியைப் பார்த்து “ம்” என்றார். ‘அ’ வந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அம்மான்னா சேலை கட்டியிருக்கணும் மேரி.”

“கிள்ளானுக்கு வாங்க முதலாளி. காலைல ஆறு மணிக்கு பஸ் ஸ்டாப்ல நின்னு பாருங்க. எத்தனை அம்மா சேலைல நிக்கிறாங்கன்னு எண்ணிச் சொல்லுங்க.”

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் திரையருகே குனிந்து படத்தைப் பார்த்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

“வாயில ரிப்பனா?” என்றார் கடைசியில். சிரித்துவிட்டார். “சரி, அச்சுக்குப் போகட்டும்.”

9.11, சனி

நாளைக்குத் தீபாவளி. அக்கம்பக்கத்திலிருந்து முறுக்கு வந்து குவிகிறது. ஒரு வேலையும் பார்க்கவில்லை. தூங்கினேன்.

3.3.1997, திங்கள்

பக்கத்து வீட்டு டீச்சர் முதலாம் ஆண்டுக்குப் பாடம் எடுக்கிறார். சாயங்காலம் ஒரு பயிற்சி நூலோடு வந்தார். என் புத்தகம்தான். திருத்த வாங்கி வந்தது, ஒரு சின்னப் பெண்ணுடையதாம்.

“வகுப்புல மத்த பிள்ளைங்க எல்லாம் படத்துக்குக் கலர் அடிச்சாங்க மேரி. இது ஒண்ணு மட்டும் என்னமோ கிறுக்கி வெச்சிருந்துச்சு. புஸ்தகத்துல எழுதுவியான்னு திட்டிட்டேன். அப்புறந்தான் படிச்சேன்.”

முதல் பக்கத்தைத் திறந்தேன். ‘அ’வுக்குக் கீழே, அம்மாவின் கழுத்தில் நான் வெறுமனே விட்டிருந்த ஃபேக்டரி அட்டைக்குள், பென்சிலால், கோணல் மாணலாக, ஒரு பெயர் எழுதியிருந்தது.

லெட்சுமி.

“அவங்க அம்மா பேரு,” என்றார் டீச்சர்.