வியாகுல மாதாவுக்குச் சிரிப்பு வந்தது

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் நண்பனை நச்சரித்து இந்த முகவரியை வாங்கினேன், அவனைத் திட்டாதே. இங்கே இருவரும் சுகம். அப்பா ஊரார் குழாயையெல்லாம் சரிசெய்கிறார். நம் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது.

ஒரு செய்தி. உன் அம்மா இப்போது மாதா! கோவிலில் இருந்த வியாகுல மாதா படம் மழையில் ஊறிப்போயிற்று. புதிதாக வரைய வந்த ஓவியர் என் தையல் கடைக்குள் எட்டிப் பார்த்து, "இந்த முகந்தான்" என்றார். ஊசியில் நூல் நுழையாத எரிச்சலில் இருந்தேன். அதைத் துக்கம் என்று நினைத்துவிட்டார்.

சிலுவையிலிருந்து இறக்கிய மகனாக மடியில் கிடக்க நம் சலூன்காரர். தாடியும் ஒட்டிய வயிறும் அவருக்குத்தானே இருக்கிறது! ஆனால் வாய் மூடவில்லை. கண்ணை மூடிக்கொண்டே தேர்தல், சர்க்கரை வியாதி, மாமியார் என்று ஓட்டினார். "அண்ணே, நீங்க செத்துட்டீங்க, கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க" என்று ஓவியர் கெஞ்சினார். நான் சிரித்த சிரிப்பில் செத்தவர் இருமுறை கீழே உருண்டார். பங்குத்தந்தை வந்து பார்த்து, "மாதா கல்யாண வீட்டுக்கு வந்தாப்புல இருக்காங்களே" என்றார். நாலு நாள் வீண்.

ஐந்தாம் நாள் சலூன்காரர் பேச்சோடு பேச்சாக, "ஏன்க்கா, தம்பி போய் ரெண்டு வருசமாச்சே, ஒரு போன்கூடவா பண்ணல?" என்று கேட்டார். என் கை தானாகப் போய் அவர் தலையைத் தாங்கிக்கொண்டது. "அசையாதீங்கம்மா!" என்று கத்தினார் ஓவியர். சலூன்காரர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். சாயங்காலம்வரை மூச்சுவிடவில்லை.

படம் மாட்டியாயிற்று. அப்பா பார்த்துவிட்டு, "மூக்கு சரியில்ல" என்று வெளியே போய்விட்டார். இப்போது தினமும் கருவிப் பையோடு கோவிலுக்குப் போகிறார். அங்கே எந்தக் குழாயும் கெடவில்லை என்கிறார் பங்குத்தந்தை. "இந்த வாசப்படிய மிதிக்காத" என்று உன்னிடம் சொன்ன மனிதர்தான். அவராக எழுதமாட்டார். நீயும் அவர் பிள்ளைதானே!

ஒன்று சொல்ல மறந்தேன். மகனுக்கு இளமையான முகம் வேண்டும், உன் போட்டோ தரச்சொல்லி ஓவியர் கேட்டார். சண்டை போட்டுவிட்டேன். அங்கே கிடப்பது சலூன்காரராகவே இருக்கட்டும். நீ நடந்து வா, ராசா. நூறு வயது இரு.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அம்மா