வரும் பாதி

தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நம்மூர் ஸ்டேஷனை நேற்று இடித்துவிட்டார்கள். எட்டு வருஷமாக அங்கே எந்த ரயிலும் நிற்கவில்லை. ஆனாலும் அங்கே டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த நம் அத்தா, கடைசி வரைக்கும் காலை ரயில் நேரத்துக்குப் போய் டிக்கெட் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"யாரு ஏறப் போறாகன்னு இங்குட்டு உக்காந்திருக்கீக?" என்று கேட்டால், "இறங்குறவுக இருப்பாகள்ல" என்பார்.

நீ அத்தாவோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிய அன்று, திருச்சிக்குப் போக மட்டும்தான் டிக்கெட் கேட்டாய். அவர் போக வரக் கொடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த அட்டை டிக்கெட்டில் வரும் பாதியைக் கிழித்து அவர் காலடியில் போட்டுவிட்டு நீ ரயில் ஏறினாய்.

அதற்குப் பிறகு எந்தக் கடிதத்துக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. அத்தாவின் அடக்கத்துக்கும் மகன் நீ வரவில்லை. அதைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை, நானும் பேசப்போவதில்லை.

இடிப்பதற்கு முன் அவருடைய டிக்கெட் பெட்டியை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அதன் அடியில் அந்தப் பாதி அட்டை இருந்தது. இத்துடன் வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அத்தாவுக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா. ரயில் இங்கே நிற்காது. காரைக்குடியில் இறங்கி பஸ் பிடித்து வா.

அக்கா