பாதி அள்ளிய வாய்க்கால்

என்னைத் தோளில் உட்கார வைத்து மாஹிம் கடலைக் காட்டிய என் அப்பாவுக்கு,

பக்கத்து வீட்டுச் சுடலைமுத்து உங்களைக் கொல்லவில்லை. நீங்கள்தான் அவர் மண்டையை இரும்புக் கம்பியால் உடைத்தீர்கள். அடுத்த அடிக்குக் கையை ஓங்கும்போது காலுக்குக் கீழே கூரையின் சிமென்ட் தகடு உடைந்து, நம் வீட்டுக்குள்ளேயே விழுந்து செத்தீர்கள். சந்தில் நின்று நான் பார்த்தேன்.

இதை உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் தாராவியில் நம் சந்து முழுக்க, அவர்தான் உங்களைத் தள்ளிக் கொன்றார் என்று வேறு கதை ஓடுகிறது. அதனால் எல்லோரும் கேட்கும்படி எழுதுகிறேன். தமிழ் வாசிக்க வராத பையன்களுக்கு நானே வாசித்துக் காட்டுவேன்.

தெரியாதவர்களுக்காக, இதற்கெல்லாம் காரணமான கூரைத் தகர வாய்க்காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செங்கல் மிச்சம் பிடிக்க, நம் வீட்டுக்கும் சுடலைமுத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இரண்டு கூரையும் அந்தச் சுவரை நோக்கித்தான் சரியும். சுவர்மேல் நீளமாக வளைத்துப் போட்ட தகரம். இரண்டு வீட்டு மழையும் அதில் விழுந்து முன்பக்கக் குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போகும். வருஷம் முழுக்க அதில் என்னதான் விழாது? காக்கை போட்ட எலும்பு, பிளாஸ்டிக் பை, பிள்ளைகள் எறிந்த ஒற்றைச் செருப்பு, செத்த பெருச்சாளி. மழைக்கு முன்னால் யாராவது கையை விட்டு அள்ள வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி, தகட்டுக்கு அடியில் புகுந்து, இரண்டு வீட்டிலும் கொட்டும்.

வருஷா வருஷம் அள்ளியது சுடலைமுத்து. நீங்கள் கீழே பீடியோடு நின்று, "அந்த மூலையப் பாருல" என்பீர்கள். அவர் உங்களைவிட மூத்தவர். அவர் உங்களை அண்ணாச்சி என்பார், நீங்கள் அவரை ஏலே என்பீர்கள். நான் ஒரு நாள் அவரை மாமா என்று கூப்பிட்டதற்கு, "யாருட்டி ஒனக்கு மாமா?" என்று வாயிலேயே அடித்தீர்கள். உதடு கிழிந்தது. ஊரில் அவர்கள் தெரு நம் தெருவுக்கு ஒரு படி கீழே. ஊர் எங்கே இருக்கிறது அப்பா? ரயிலில் போய்ச் சேர்வதற்குள் கால் வீங்கிவிடுகிற தூரத்தில்.

தோல் கிடங்கில் இரண்டு பேரும் ஒரே ஈரத் தோலை ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்குவீர்கள். ஒரே நாற்றத்தோடு வீட்டுக்கு வருவீர்கள். அந்தக் கை வாய்க்காலுக்குள் போனால் என்ன என்று கேட்டேன். "அங்க சம்பளம் வாங்குதேன். இங்க சும்மா கைய விட்டேம்னா அதுவே நம்ம தொழிலாயிரும்" என்றீர்கள்.

உங்கள் பயம் எனக்குத் தெரியும். பண்ணையார் வீட்டு ஓட்டுக் கூரையில் மழைக்கு முன் சருகும் சகதியும் அள்ள உங்கள் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். கூலி கிடையாது, பழைய கஞ்சி. அதைச் செய்யக் கூடாது என்றுதான் ரயில் ஏறினீர்கள். சரி. பிறகு ஏன் பண்ணையார் உங்கள் அப்பாவிடம் பேசிய அதே குரலில் சுடலைமுத்துவிடம் பேசினீர்கள்?

இந்த வருஷம் அவர் வாசலில் வந்து நின்று நிதானமாகத்தான் கேட்டார். "அண்ணாச்சி, ஒரு வருசம் நாங்க, ஒரு வருசம் நீங்க. தண்ணி ரெண்டு வீட்டுக்கும் பொதுதான?" நீங்கள் அவர் காலடியில் துப்பினீர்கள்.

அதற்கு அவர் செய்ததும் பைத்தியக்காரத்தனம்தான். பின்பக்கத்திலிருந்து நடு வரைக்கும் வாய்க்காலைப் பளபளவென்று துடைத்துவிட்டு இறங்கிவிட்டார். முன்பாதியும் குழாய் வாயும் நம் பங்காம். பாதி வாய்க்காலைச் சுத்தம் செய்த மனிதர்களை உலகத்தில் வேறெங்காவது பார்க்க முடியுமா? மழை கொட்டியது. இரண்டு வீட்டிலும் ஒரே தண்ணீர். அவர்கள் பிள்ளைகள் கட்டில்மேல் நின்றார்கள். நம் வீட்டில் அரிசி மூட்டை நனைந்தது, தம்பி காய்ச்சலோடு பெட்டிமேல் சுருண்டு கிடந்தான், அம்மா வாளியால் மோந்து மோந்து வெளியே ஊற்றினாள். நீங்கள் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, நம் வீட்டில் தண்ணீர் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அதனால்தான் நான் ஏணியை வைத்தேன். குழாய் வாயில் கையை விட்டேன். சேறும் மயிரும் எலியும் சேர்ந்து வந்தது. நாறியது. அவ்வளவுதான் அப்பா, வேறொன்றும் ஆகவில்லை. என் கை அப்படியேதான் இருந்தது. தண்ணீர் குபுகுபுவென்று இறங்க ஆரம்பித்தது.

நீங்கள் வந்து சடையைப் பிடித்து ஏணியிலிருந்து இழுத்தீர்கள். சாக்கடை ஓரத்தில் போட்டு மிதித்தீர்கள். கல்யாணத்துக்கு நிற்கிற மகள் என்றுகூடப் பார்க்கவில்லை. விலாவில் இன்னும் வலிக்கிறது, மூச்சை இழுத்தால் குத்துகிறது. சுடலைமுத்து நடுவில் வந்து, "பிள்ளைய ஏன் அடிக்கீரு? நீரு செய்யாத வேலையத்தான அது செஞ்சுது" என்றார். என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு, மிச்சத்தை அள்ள அவரே மேலே ஏறினார். உங்கள் மானம் போகாமல் இருக்கத்தான் ஏறினார் என்று இப்போது தோன்றுகிறது.

அப்போது டீக்கடையிலிருந்து யாரோ சொன்னார்கள்: "என்ன அண்ணாச்சி, ஒம்ம வீட்லயும் ஆள் தயாராயிட்டு போல. இனும நம்ம கூரைக்கும் அனுப்பும்." எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களை நீங்கள் அடிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த கம்பியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினீர்கள்.

குனிந்து அள்ளிக்கொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து அடித்தீர்கள். அவர் திரும்பக்கூட இல்லை. ரத்தம் வாய்க்காலில் விழுந்து மழையோடு ஓடிக் குழாய் வழியாக என் காலடியில் கொட்டியது. மறுபடி ஓங்கினீர்கள். தகட்டில் நடக்க வேண்டுமானால் அடியில் கட்டை இருக்கிற இடம் பார்த்துக் கால் வைக்க வேண்டும். ஒரு தடவைகூட மேலே ஏறாத உங்களுக்கு அது எப்படித் தெரியும்? தகடு பொத்துக்கொண்டு போய், பாத்திரம் கழுவும் மோரியின் கல் விளிம்பில் கழுத்து மோத விழுந்தீர்கள். அம்மா வாளியோடு பக்கத்தில்தான் நின்றாள், ஆனால் மேலே நடந்ததை அவள் பார்க்கவில்லை.

முதலில் ஓடி வந்தது யார் தெரியுமா? மண்டை பிளந்த அவர்தான். ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் உங்களைக் கைவண்டியில் ஏற்றினார். ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே அவரைப் போலீஸ் பிடித்தது. சித்தப்பா கைகாட்டினார்.

இப்போது நடப்பதைக் கேளுங்கள். தலையில் தையலோடு அவர் லாக்கப்பில் இருக்கிறார். சித்தப்பாவின் ஆட்கள் அவர் வீட்டுக்குள் புகுந்து பானை சட்டியெல்லாம் உடைத்து, அவர் பெண்டாட்டியின் கையை முறுக்கினார்கள். அந்த அத்தை பிள்ளைகளோடு சுனாபட்டியில் யார் வீட்டிலோ ஒண்டியிருக்கிறாள். சிரித்த டீக்கடைக்காரர்கள் யாரும் எதையும் பார்க்கவில்லையாம். போலீஸ் சவுக்கிக்குப் போனேன். அப்பன் செத்துக் கிடக்கிறான், நீ அடுத்தவனுக்குப் பேச வந்தாயா என்று ஹவல்தார் இந்தியில் கேட்டு, வேறு மாதிரியும் ஏதோ சொல்லிச் சிரித்தார். வீட்டில் சொன்னேன். சித்தப்பா அறைந்ததில் ஒரு காது இன்னும் இரைகிறது. இனி வாயைத் திறந்தால் மூன்று பேரையும் தெருவில் தள்ளுவாராம். வீடு அவர் பெயரில்தானே இருக்கிறது.

அம்மா மட்டும் மெதுவாகக் கேட்டாள். "நீ கண்ணால பாத்தியாட்டி?" பார்த்தேன் என்றேன்.  "பாத்தாலும் நீ அவரு மகதான?" என்றாள்.

நாளைக்கு அவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். நான் போவேன். வக்கீல் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எழுந்து நின்று, என் அப்பாதான் அடித்தார் என்று சொல்வேன். அதன் பிறகு எங்கே படுப்போம் என்று தெரியாது. ஆனாலும் சொல்வேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். நான் எத்தனை தடவை சொன்னாலும் அம்மா தலையைத் திருப்பிக்கொள்கிறாள். உங்கள் வார்த்தை என்றால் நம்புவாள், உயிரோடிருந்தபோது எல்லாவற்றையும் நம்பினாளே. இதோ, பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவன் என்னைத் தள்ளவில்லை என்று நீங்களே அவளிடம் சொல்லுங்கள் அப்பா. சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
செல்வி