வெறும் வயிற்றில் எடுத்த ஸ்கேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தலை நரைக்கத் தொடங்கிய டாக்டரைப் பாப்பா என்கிறேனே என்று கோபிக்காதே. எனக்கு இருப்பது ஒரே தங்கை.

நீ சொன்னது சரி. பித்தப்பையில் கல்தான். நீ சொன்னபடி காலையில் எதுவும் சாப்பிடாமல் போய் மறுபடி ஸ்கேன் எடுத்தேன். திரையைப் பார்த்த ஸ்கேன் டாக்டர், கல் கொத்தாக இருக்கிறதே சார் என்றார். போன வருடம் எடுத்த ஸ்கேனில் ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். சாப்பிட்டதும் பித்தப்பை சுருங்கிவிடும், உள்ளே இருப்பது கண்ணில் படாமல் போகலாம் என்றார். போனில் நீ சொன்ன அதே வார்த்தை! என் தங்கச்சி பார்க்காமலே இதைச் சொல்லிட்டா என்றேன். அவரிடம் மட்டுமல்ல, வெளியே டோக்கனோடு காத்திருந்தவர்களிடமும் சொன்னேன். ஒருவர் உன் போன் நம்பர் கேட்டார். கொடுக்கவில்லை.

எத்தனையோ டாக்டர்கள் என் வயிற்றை அமுக்கிப் பார்த்து மாத்திரை எழுதினார்கள். ஸ்கேனுக்கு முன்னால் என்ன சாப்பிட்டாய் என்று நீ ஒருத்திதான் கேட்டாய். போன வருடம் ஸ்கேனுக்கு என்னை அழைத்துப் போனவர் நம் பெரிய அண்ணன். வெறும் வயித்தோட போனா மயங்கி விழுவடா என்று வழியில் ஓட்டலில் உட்கார வைத்து, எண்ணெய் மிதக்க மிதக்க டிபன் வாங்கிக் கொடுத்தார். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதும், தன் மருந்துக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், இவனுக்கு கேஸ் வயித்துல இல்ல, மனசுல என்று சொல்லிச் சிரித்தார். அவர் கொடுத்த அமில மாத்திரைகளை அட்டை அட்டையாக விழுங்கினேன். கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவனுக்கு அமிலம் என்றால் நம்பத்தானே தோன்றும்?

இரைப்பை ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, அதன் தலையில் பழி போடாதே என்றாய். கொழுப்பு உள்ளே போனதும் பித்தப்பை பித்தத்தைப் பிழிந்து அனுப்பும், கல் வழியை அடைத்தால் வலது விலாவுக்கடியில் வலி பிடித்துத் தோள்பட்டைவரை ஏறும் என்றாய். அப்படியே ஏறியது. பித்தப்பையை எடுத்தால் இந்த வலி போகும், ஆனால் ஏப்பமும் உப்புசமும் மொத்தமாகப் போகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னாய். இங்குள்ள சர்ஜன் எல்லாமே போய்விடும் என்கிறார். நான் உன்னை நம்புகிறேன்.

பொம்பளப் பிள்ளை படிச்சு யாருக்கு ஊசி போடப் போறா என்று உன் படிப்பை நிறுத்தப் பார்த்த பெரிய அண்ணன், பாப்பா எப்படிக் கண்டுபிடிச்சா என்று அண்ணியை விட்டுக் கேட்கிறார். அவளிடமே கேட்கச் சொல்லுங்கள் அண்ணி என்றேன். அவர் மன்னிப்புக் கேட்கும்வரை இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று நீ சொல்லிப் போனதை மறக்கவில்லை. அவரை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. நானே மன்னிப்பதாக இல்லை.

வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. சின்ன ஓட்டைகள் போட்டுச் செய்வதாம், பயப்பட ஒன்றுமில்லையாம். தேர்வுக்கு முன்னால் மாணவர்களிடம் நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். கூட இருக்கப் போவது யார் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். பெரிய அண்ணன் முன்னால் வந்து நின்றார். அவர் காதில் விழும்படி, என் தங்கை வருகிறாள், அவள் டாக்டர் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டு வாசல் வேறு, ஆஸ்பத்திரி வாசல் வேறு. நீ கை வைத்தவர்கள் எல்லோரும் எழுந்து நடமாடட்டும். மயக்கம் தெளிந்து நான் கண் திறக்கும்போது கட்டில் பக்கத்தில் நீ உட்கார்ந்திருக்க வேண்டும், பாப்பா.

உன் சின்ன அண்ணன்